ஆள் ஏறினால் மூன்று தட்டு

ஆண்டர்சன்பேட்டை,
வியாழக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான சைலஸ் அண்ணனுக்கு, தங்கை பியூலாவின் தோத்திரம். உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறது என்று அண்ணி போனில் சொன்னார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இங்கே நாங்கள் இருவரும், பெங்களூர் ஹாஸ்டலில் பிள்ளை ஆஷ்லியும், வாசலில் உங்கள் காரும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறோம்.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், முகம்கூடக் கழுவாமல் வாசலுக்குப் போய்க் காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. குடியை விட்ட புருஷன் வாயை முகர்ந்து பார்க்கிற பெண்டாட்டி மாதிரி. பானெட் ஜில்லென்று இருந்தது. உங்கள் மச்சான் எட்மண்ட் அதற்குள் வேலைக்குப் போகிற ரயிலுக்குப் போய்விட்டிருந்தார். இது ஒன்பதாவது நாள். காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யமாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார். இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும், சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது என்பதால், வந்தது வந்தோம் என்று பானெட்டைத் திறந்து அதையும் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிறது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்துக்கு, உங்களோடு வாக்கிங் வருகிற தங்கவேலு அவர்கள் ரயிலில் வந்து காரை ஓட்டிக்கொண்டு போவார் என்றும், காரை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சாவியோடு அவர் கையில் கொடுத்தனுப்பு என்றும் செவ்வாய்க்கிழமை போனில் சொன்னீர்கள். "வூட்டுல நீதானே எழுதப் படிக்கத் தெரிஞ்சவ" என்றும் சொன்னீர்கள். பதினேழு வருஷமாக ஹைஸ்கூலில் சயன்ஸ் நடத்துகிறவளுக்கு இது போதுமான பட்டம். ஆபரேஷனுக்குப் பிறகு கிளச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், காட்பாடி அபார்ட்மெண்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று பதினொரு மாதம் முன்னால் நீங்கள் இங்கே கொண்டுவந்து விட்ட கார். உங்கள் கார். அதை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

கார் இங்கே எப்படி வாழ்ந்தது என்று சொன்னால்தான் தங்கவேலு அவர்களுக்கு மற்றது புரியும். உங்கள் மச்சானுடைய அப்பா இங்கே கோலார் தங்கவயலில், நந்திதுர்க் மைன்ஸில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவர். அதாவது ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றுக்குள் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டை, மேலே இன்ஜின் ரூமில் உட்கார்ந்து கம்பிக் கயிற்றால் இயக்குகிறவர். முப்பத்தொரு வருஷத்தில் அவர் கேஜில் ஏறிய ஒருவருக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. அவர் மகனுக்கு விட்டுப்போன சொத்து மூன்று விதிகள்தான்: நின்ற மெஷினில் உடனே ஆளை ஏற்றாதே, முதலில் கேஜைக் காலியாக ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பார்; ஆள் ஏறிவிட்டால் மணியில் மூன்று தட்டு கேட்காமல் நகராதே; கல் ஏறினால் எவ்வளவு வேகமும் போகலாம், ஆள் ஏறினால் மெதுவாகத்தான் போக வேண்டும். ஷாஃப்டுக்கு இதைவிட நல்ல சட்டம் கிடையாது. இவர் அதைக் காருக்கும் போட்டார்.

தினமும் காலை நாலு பத்துக்கு, ரயிலுக்குக் கிளம்பும் முன்பு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டுமென்றால், முதலில் தான் மட்டும் காலி வண்டியைக் கோயில் கேட் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வருவார். கோயில் எங்கள் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர். அதற்குப் பிறகுதான் நான் ஏறலாம். ஏறி, கதவைச் சாத்தி, கையை வெளியே நீட்டிக் கூரையில் மூன்று தட்டு தட்டினால் வண்டி நகரும். மணிக்கு முப்பத்தைந்துக்கு மேல் முள் போகாது. காலி ஓட்டம் முடிவதற்குள் எங்கள் வாசலைத் தாண்டி நடந்து போனவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் வந்து இறங்குவதைத் திரும்பிப் பார்ப்பார்கள். இவ்வளவையும் ஒரு நீள நோட்டில், ஷிப்ட் ரிப்போர்ட் மாதிரி, தேதி, நேரம், சத்தம், புகை, டிரைவர் என்று கட்டம் போட்டு எழுதி வைப்பார். டிரைவர் கட்டத்தில் பதினொரு மாதமும் ஒரே பெயர். பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற சாரதா அக்கா ஒரு நாள் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா பியூலா, உங்க வூட்டுக்காரரு காரை ஓட்டறாரா, இல்ல காலையில தூபம் காட்டறாரா?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்தபோது, இத்தனை வருஷமாக எல்லாரும் என்னையும் ஒரு விபத்துகூட இல்லாமல்தான் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. நன்றியாகத்தான் தோன்றியது என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு அதிசயம். மற்றவர்கள் காரில் ஆயில் குறையும். நம் காரில் ஏறியது. வாராவாரம் இவர் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து விட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு வாரமும் ஒரு நூல் உயரம் அதிகம். ஒரு சொட்டு ஊற்றவில்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சாட்சியாகவே சொன்னார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். சயன்ஸ் டீச்சர் சொன்ன ஆமென் அது. தங்கவேலு அவர்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

போன மாதக் கடைசியில் மீட்டரில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஒரு டப்பா, அதற்குள் புள்ளி புள்ளியாக ஏதோ. இவர் வண்டியை ஓரங்கட்டி, கவர் போட்டு மூடி, மூன்று நாள் பக்கத்தில் யாரையும் விடவில்லை. பிறகு பஜாரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மேக்ஸ்வெல் வந்து பார்த்தார். புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறது, அது அடைத்துக்கொண்டது, புது டீசல் வண்டி எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு, அந்த டப்பாவை வெட்டி எடுத்துக் குழாயை ஒட்டிவிட்டால் பிறகு தலைவலியே இல்லை என்றார். இவர் எழுந்து நின்றுவிட்டார். பாதுகாப்புக்கு வைத்ததைக் கழற்றுகிறவனை எங்கப்பா ஷாஃப்டுக்கு நூறு அடி தூரத்தில்கூட விடமாட்டார் என்று சொல்லி, அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார். அண்ணா, இவரைப் பற்றி நான் எத்தனையோ சிரித்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் சிரிக்கவில்லை. தங்கவேலு அவர்களிடமும் யாராவது அதை வெட்டி எடுக்கலாம் என்று சொல்வார்கள். டீ கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியில், போன வாரம் செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுக் கோலாரில் இருக்கிற டீலர் சர்வீஸுக்குப் போனோம். முப்பது கிலோமீட்டர். முதலில் காலி ஓட்டம், பிறகு மூன்று தட்டு, பிறகு முப்பத்தைந்து. பால் டெம்போ எங்களைத் தாண்டியது. தக்காளிக் கூடை அடுக்கிய டிராக்டர் தாண்டியது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள். நான் கை காட்டினேன். வேறென்ன செய்ய.

சர்வீஸ் என்றாலே நமக்கு ஒரு பயம் உண்டு. கண்ணாடி ரூம், ஏசி, கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள், நாம் வாயைத் திறப்பதற்குள் அவர்களே நான்கு வியாதி சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு வந்தவள் சுமா என்கிற பெண். முப்பது வயது இருக்கும், கோலார் பக்கத்து ஊர், கன்னடம் கலந்த தமிழ். முதலில் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டாள். விளக்கு எப்போது எரிந்தது, வண்டி ஆறியிருந்ததா சூடாக இருந்ததா, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தீர்கள், மேடா இறக்கமா, அன்றைக்கு எவ்வளவு தூரம் போனீர்கள். இவர் பதிலுக்கு நோட்டை நீட்டினார். பக்கத்து மேஜைப் பையன்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சுமா உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கால் மணி நேரம். நடுவில் இரண்டு தடவை நிமிர்ந்து, காலி ஓட்டம் என்றால் என்ன, மூன்று தட்டு என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். எங்கள் வீட்டில் நான்கூட அந்த நோட்டை அப்படிப் படித்ததில்லை.

படித்து முடித்து, "சார், இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. இங்கே நோடி, பாருங்க, எல்லாமே இதுலேயே இருக்குது. பதினோரு மாசத்துல இந்த வண்டி ஒரு நாள்கூட முழுசா சூடாகலே" என்றாள்.

பிறகு விளக்கினாள். ஃபில்டரில் சேர்கிற கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்கு அந்தக் குழாய் நன்றாகச் சூடேறிக் காய வேண்டும். அறுபதுக்கு மேல், நிற்காமல், அரை மணி நேரம் ஓடினால்தான் காயும். நின்ற இடத்தில் உறுமவிட்டால் கரி சேருமே தவிர எரியாது. வண்டி எரிக்கப் பார்க்கும், கூடுதலாக டீசல் விடும், அதற்குள் இவர் அணைத்துவிடுவார். எரியாத டீசல் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் ஏறிய அதிசயம் அதுதான். ஆயில் குறைவதைவிட ஏறுவதுதான் ஆபத்து, நீர்த்துப்போன ஆயில் இன்ஜினைக் காப்பாற்றாது என்றாள். இவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அன்பாகப் பார்த்துப் பார்த்து மூச்சை அடைத்திருக்கிறார். அதுவும் தன் கையெழுத்திலேயே.

கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தாள். அடைப்பு இன்னும் எல்லை தாண்டவில்லை. ஆயிலை மாற்றிவிட்டு ரோட்டில் ஓட்டியே சரி செய்யலாம், எண்பதில் போய் வர வேண்டும் என்றாள். இவர், "ஆள் ஏறினா முடியாதும்மா" என்றார். நீங்கள் மட்டும் ஓட்டுங்கள் என்றாள். "ஓட்டறவன் ஆள் இல்லையா?" என்றார். நான் மேஜைக்கு அடியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். இத்தோடு அந்தப் பெண்ணின் பொறுமை முடிந்தது என்று நினைத்தேன். அவள் நோட்டை மூடி அவர் முன்னால் மரியாதையாக வைத்தாள்.

"சார், உங்க அப்பா கேஜ் ஓட்டும்போது எங்கே உக்காந்திருப்பாரு?"

"மேலே. இன்ஜின் ரூம்ல."

"கேஜ்ல ஏற மாட்டாரா?"

"ஏறினா யாரும்மா ஓட்டறது?"

"அப்ப நீங்க இங்கேயே உக்காருங்க சார். இதுதான் இன்ஜின் ரூம். நேரம் எழுதுங்க. நாங்க போய்ட்டு வர்றோம்." என் பக்கம் திரும்பி, "அக்கா, லைசென்ஸ் இருக்குதா?" என்றாள்.

இருக்கிறது, அண்ணா. பத்தொன்பது வருஷமாக இருக்கிறது. கல்யாணமான புதிதில் நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கும். குடைக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில் ஹேண்ட்பேக்கில் அது கூடவே வருகிறது. இங்கே ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு என்னைத் தெரியும். எனக்கு லைசென்ஸ் உண்டு என்று தெரியாது. இருக்கிறது என்று சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஆயில் மாற்றிக் கொண்டுவந்ததும் இவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், சீட் பெல்ட்டைப் பார்த்தார், சுமாவைப் பார்த்தார். எவ்வளவு வேகம் என்று கேட்டார். எண்பது சார் என்றாள். குனிந்து, கூரையில் அவரே மூன்று தட்டு தட்டினார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு தடவை வண்டி அணைந்தது. சுமா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காதது போல இருப்பதும் ஒரு கலைதான். முளபாகல் ரோட்டில் ஏறிய பிறகு, "அக்கா, நாலாவது கியர்ல போடுங்க, பயம் வந்தா வாயால சொல்லுங்க, கால்ல சொல்லாதீங்க" என்றாள். ஐம்பது. அறுபது. அறுபதுக்குப் பிறகு ஒரு சத்தம் அடங்குகிறது, அண்ணா. அதுவரைக்கும் இன்ஜின் முனகிக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிகிறது. எண்பதில் ஒரு தக்காளி டிராக்டரைத் தாண்டினேன். காலையில் பார்த்த டிராக்டர் இல்லை, ஆனாலும் கை காட்டினேன். லேசாகக் கருகின வாசனை வந்தது. நான் பதறுவதற்குள், கரி எரியுது, பர்வாகில்லா, நிறுத்தாதீங்க என்றாள். முளபாகலுக்கு முன்னால் அந்த ஆரஞ்சு விளக்கு அணைந்தது. அணைந்த விளக்கைப் பார்த்து நாற்பத்தாறு வயதுப் பெண் அழுவது அழகல்ல. வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சுமா வெயில் தடுப்பை இறக்கிவிட்டாள்.

திரும்பி வந்தபோது இவர் ஏசி ரூமில் இல்லை. கேட்டுக்கு வெளியே, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எழுதி வைத்திருந்ததை அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்தேன்: போனது 10.42, ஆள் இரண்டு, வேகம் 80, வந்தது 11.50, சத்தம் இல்லை, புகை இல்லை. டிரைவர் கட்டத்தில், பியூலா. அடித்துத் திருத்தாமல், ஒரே எழுத்தாக.

ஆகவே தங்கவேலு அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் அரை நிமிஷத்தில் கிளம்பிவிட வேண்டும். நிற்கவைத்துச் சூடாக்க வேண்டாம். பக்கத்துக் கடைக்கு நடந்து போகச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் நல்ல ரோட்டில், நல்ல வேகத்தில். வீட்டுக்கு வந்து நிறுத்தும்போது முன்னால் ஃபேன் பலமாக ஓடிக்கொண்டிருந்தால், கருகின வாசனை வந்தால், உடனே அணைக்காமல் இன்னும் பத்து நிமிஷம் சுற்றி வர வேண்டும். வண்டி அப்போது கரியை எரித்துக்கொண்டிருக்கிறது. ஆயில் ஏறினால் சாட்சி சொல்லாமல் சர்வீஸுக்குப் போக வேண்டும். சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் இதற்கு. எந்த ரகம் என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது, பில்லிலும் சுமாவை எழுத வைத்திருக்கிறேன். சர்வீஸில் போய் இதை மாற்று, அதைக் கழுவு என்று நாமே வைத்தியம் சொல்லக் கூடாது. எப்போது, எங்கே, எந்தச் சத்தம் என்று மட்டும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஜாப் கார்டை வரிக்கு வரி படிக்க வேண்டும். எங்கள் கார்டில் இன்ஜின் உள்பக்கக் கழுவல் என்று தானாக அச்சாகி வந்திருந்ததை, நான் கேட்பதற்கு முன்பே சுமா பேனாவால் அடித்துவிட்டாள். எல்லா ஊரிலும் சுமா இருக்க மாட்டாள். பேனாவைக் கையோடு கொண்டுபோவது நல்லது. மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லலாம், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, இவர் வாசலில் நாற்காலி போட்டு இன்ஜின் ரூம் வைத்துக்கொள்ள, நான் தனியாக முளபாகல் வரைக்கும் போய் வந்தேன். இந்த ஞாயிறு தங்கவேலு அவர்கள் போவார். நல்ல வண்டி. நல்லவர் கைக்குப் போகட்டும். கவரைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், இரண்டு சாவியையும் ஒரு வளையத்தில் கோத்து வைத்திருக்கிறேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

லவினா அண்ணிக்கு என் அன்பு. முழங்காலுக்கு எண்ணெய் தடவும்போது எங்களையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. உங்கள் காரின் போக்கையும் வரத்தையும்கூட.

இப்படிக்கு,
அன்புள்ள தங்கை,
பியூலா எட்மண்ட்

பி.கு.: மேலே எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். எனக்கு வருத்தம் இல்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். சர்வீஸுக்கு வருகிறவர்கள் எதை அடிக்கடி சொல்கிறார்களோ அந்த இடத்தைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன் என்று சுமா சொல்லியிருக்கிறாள். ஆகவே தங்கவேலு அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏற வேண்டாம். அவர் சொன்ன விலையை நானே கொடுக்கிறேன். இந்தக் கடிதமும் அவர் கையில் வராது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கிளம்புகிறேன், பேத்தமங்கலம், வி.கோட்டா, பேர்ணாம்பட்டு மலை இறக்கம், குடியாத்தம், காட்பாடி. உங்கள் மச்சானுக்கு அன்றைக்கு லீவு. வந்தால் பின் சீட், வராவிட்டால் வாசல் நாற்காலி, எதுவானாலும் மூன்று தட்டு அவருடையது. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆஷ்லியிடமும் சொல்லவில்லை. இந்தத் தாளுக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் வாசலில் வந்து இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் படித்து முடிக்கிற வரைக்கும் நான் பேசாமல் நிற்பேன். படித்தாகிவிட்டதென்றால், முழங்காலைப் பார்த்து மெதுவாகக் கீழே இறங்கி வந்து, பானெட் மேல் கையை வைத்துப் பாருங்கள், அண்ணா. சூடாக இருக்கும்.